முந்தின நாள் சாயங்காலம்

ஒரு நாள் எப்போது தொடங்குகிறது என்று என் முதலாளியிடம் கேட்டேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என்றார். கல்யாண மண்டபத்தில் அப்படி இல்லை சார் என்றேன். மண்டபத்துக்கு மட்டும் சூரியன் தனியா உதிக்குதா என்று கேட்டுச் சிரித்தார். ஆபீசில் இருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்களுக்கும் அவர்தான் சம்பளம் தருகிறார். சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

அவர் பெயர் தீனதயாளன். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு விழுப்புரத்துக்கே திரும்பி வந்து, புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டயர் கடை மாடியில் சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்தவர். அவருடைய யோசனை இதுதான். எந்த வியாபாரத்தை எடுத்தாலும் அதில் வருகிற விஷயங்கள் ஒன்றுதான். வாடிக்கையாளர், சரக்கு, முன்பதிவு, ரசீது. ஒவ்வொன்றையும் ஒரு முறை ஒழுங்காக எழுதித் தனிப் பெட்டியாக வைத்துக்கொண்டால், அடுத்து வருகிற கடைக்குப் புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. பெட்டிகளை எடுத்துப் பொருத்தினால் போதும். இதற்குக் காம்பொனன்ட் என்று பெயர். சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்: நாங்கள் எழுதுவதில்லை, பொருத்துகிறோம்.

எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன். எம்.சி.ஏ. படிக்கும்போது புரிந்த ஒரே அழகான விஷயம் அதுதான். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். எங்கள் திருவாமாத்தூர் தெருவில் எனக்குக் கிடைத்த மரியாதை, கம்ப்யூட்டர் பொண்ணு என்கிற பெயர் ஒன்றுதான். முன்பதிவுப் பெட்டியை எழுதச் சொல்லி அவர் என்னிடம் கொடுத்தபோது, இரண்டு வாரம் வேறு எதையும் நினைக்கவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்தால் முன்பதிவு என்பது மூன்றே கேள்வி. யார்? எதை? எப்போதிலிருந்து எப்போது வரை? லாட்ஜ் அறையோ, அறுவடை மெஷினோ, பந்தல் சாமானோ, இந்த மூன்றுக்குள் எல்லாம் அடங்கும். அப்படித்தான் எழுதினேன். தேதியோடு மணியும் வைத்து.

முதலில் வாங்கியது ரயில்வே ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜ். அங்கே உட்கார்ந்திருந்த ஆள் மணி போடும் கட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னா சார் இது, டிரெய்ன் டிக்கெட்டா? தேதிய மட்டும் வையுங்க, ஜல்தியா முடியும்" என்றார். அன்று மாலையே தீனதயாளன் சார் மணியை எடுத்துவிடச் சொன்னார். திரையில் எடுத்துவிடுகிறேன், உள்ளே இருக்கட்டும் என்றேன். உள்ளேயும் எடு, தேவையில்லாத மூட்டை எதுக்கு என்றார். எடுத்தேன். இரண்டு வாரம் யோசித்து வைத்ததை எடுக்க இருபது நிமிடம் ஆனது.

அதாவது நாங்கள் ஒரு லாட்ஜை எழுதிவிட்டு, அதற்கு முன்பதிவு என்று பெயர் வைத்தோம்.

அதற்குப் பிறகுதான் திண்டிவனத்து மண்டபம் வந்தது. செஞ்சி ரோட்டில் ஆயிரம் பேர் உட்காரும் கல்யாண மண்டபம். உரிமையாளர் விருத்தாசலம், ரைஸ் மில்லும் வைத்திருந்தார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை இன்னும் பத்து மண்டபக்காரர்கள் அவர் வாங்குவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவரிடம் சாஃப்ட்வேர் நன்றாக ஓடினால் பதினொன்றும் நமக்குத்தான் என்று தீனதயாளன் சார் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

"சார், ஒரு மூணு நாள் அந்த மண்டபத்துல போய் உக்காந்து பாத்துட்டு வர்றேன். அவங்க எப்படி புக் பண்றாங்கன்னு தெரியணும்" என்றேன்.

"போய்ப் பாத்துப் பாத்துத்தான் செய்யணும்னா அதுக்குப் பேரு காம்பொனன்ட் இல்ல சூர்யகலா. கொத்தனார் வேல."

"எங்க அப்பா கொத்தனார்தான் சார். கடக்கால் தோண்டறதுக்கு முன்னாடி மனையப் போய்ப் பார்ப்பாரு."

அவர் முகம் ஒரு நிமிடம் சுருங்கிப் பிறகு சரியானது. அப்போதுதான் ஒரு நாள் எப்போது தொடங்குகிறது என்ற அந்தப் பேச்சு வந்தது. வியாழக்கிழமை காலை முகூர்த்தம் என்றால் மண்டபத்தை புதன் மதியம் மூன்று மணிக்கே திறந்துவிட வேண்டும். புதன் சாயங்காலம் பெண்ணழைப்பு, வரவேற்பு, சாப்பாடு. வியாழன் காலை தாலி கட்டி, மதியம் மூன்று மணிக்குக் காலி செய்வார்கள். இதற்கு மண்டபத்தில் ஒரு நாள் என்று பெயர். சொன்னேன்.

அவர் முட்டாள் இல்லை. அதுதான் கஷ்டம். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "எல்லாரும் முந்தின நாள் மூணு மணிக்குத்தான் வர்றாங்க. எல்லாரும் மறுநாள் மூணு மணிக்குத்தான் போறாங்க. அப்ப எல்லாருமே அர நாள் தள்ளி நிக்கறாங்க. ஒருத்தர ஒருத்தர் எங்க இடிப்பாங்க? முகூர்த்தத் தேதி மட்டும் போட்டாப் போதும்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவர் உட்கார்ந்து, திரையில் இருந்த ரூம் என்கிற வார்த்தையை எல்லா இடத்திலும் ஹால் என்று ஒரே அடியாக மாற்றினார். பாத்ரூம் வசதி என்று இருந்த இடம் பாத்ஹால் வசதி ஆனது. அதை மட்டும் நான் திருத்தினேன். நாற்பது நிமிடத்தில் மண்டப சாஃப்ட்வேர் தயார்.

ஜனவரியில் அதைப் பொருத்தச் சென்றேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறைதான் மண்டபத்து ஆபீஸ். அங்கே விசாலாட்சி அக்கா இருந்தார். நாற்பது வயதிருக்கும். பன்னிரண்டு வருடமாக மண்டபத்தின் புக்கிங் முழுதும் அவர் கையில். மண்டபத்தின் பின்பக்கம் இரண்டு அறை வீடு அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அதில்தான் கணவர், பிளஸ் டூ படிக்கும் மகள் எல்லோரும். ஒரு நீளமான டைரியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு கோடு போட்டு மேல் பாதி காலை, கீழ்ப் பாதி சாயங்காலம் என்று பிரித்திருந்தார். முகூர்த்தம் என்றால் முந்தின பக்கத்தின் கீழ்ப் பாதியிலும் இந்தப் பக்கத்தின் மேல் பாதியிலும் பேர்.

நான் திரையைக் காட்டினேன். தேதி போட்டால் பச்சை டிக். ஏற்கெனவே ஆள் இருந்தால் சிவப்பு.

"முந்தின நாள் சாயங்காலத்த எங்கம்மா போடறது?" என்று கேட்டார்.

"முகூர்த்தத் தேதி மட்டும் போட்டாப் போதும்க்கா. எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே."

"எப்பிடி எல்லாருக்கும் ஒரே மாதிரி? கோயில் கல்யாணக்காரங்க?"

"யாருக்கா?"

"கிறிஸ்டியன்ஸும்மா. அவங்க காலைல சர்ச்சுல கல்யாணத்த முடிச்சிட்டு அன்னிக்கி சாயங்காலம்தானே ரிசப்ஷனுக்கு இங்க வருவாங்க. அவங்களுக்கு முந்தின நாள் வேணாம், அன்னிக்கே ராத்திரி வரைக்கும் வேணும். திண்டிவனத்துல அவங்க எத்தன பேரு, உனுக்குத் தெரியாதா?"

தீனதயாளன் சாரின் கணக்கு எங்கே இடிக்கும் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை ஒரு கோயில் கல்யாணம், வியாழக்கிழமை ஒரு முகூர்த்தம். இரண்டு தேதி, இரண்டு பச்சை டிக், ஒரே சாயங்காலம்.

அப்போது நான் சொன்னது இது: "அத அது பாத்துக்கும்க்கா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். விருத்தாசலம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பதினொரு மண்டபம் என்று சார் பத்துத் தடவை சொல்லி அனுப்பியிருந்தார். இதெல்லாம் காரணம்தான். ஆனால் உண்மைக் காரணம் வேறு. நான் எழுதின பொருளுக்கு இது தெரியாது என்று, டைரியில் கோடு போட்டு வைத்திருக்கும் ஒருத்தியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆபீஸ் போய் மாற்றிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

"இனிமே டைரி வேணாம் விசாலாட்சி. ரெண்டு எடத்துல எழுதிக்கினு இருந்தா கொழப்பந்தான்" என்று விருத்தாசலம் சொன்னார். நான் அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

மறுநாள் காலை சாரிடம் போய் நின்றேன். கோயில் கல்யாணம் பற்றிச் சொன்னேன். அவர் காப்பி குடித்துக்கொண்டே கேட்டார். "வருஷத்துக்கு அப்படி எத்தன வரும்? நாலு? அஞ்சு? அஞ்சுக்காக ஓடற காம்பொனன்ட்ட யாராவது பிரிப்பாங்களா? மணிய உள்ள வச்சா லாட்ஜும் மாறும், அறுவட மெஷினும் மாறும். பதினோரு மண்டபமும் முடியட்டும். அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்."

"மணி உள்ள இருந்துச்சு சார். நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க."

"எழுதினது யாரு?" என்று கேட்டார்.

அத்தோடு நான் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். திண்டிவனத்துக்கு ஒரு போன் போட்டு, அக்கா நான் சொன்னது தப்பு, கோயில் கல்யாணம் வந்தா பார்த்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு ரூபாய் போன். போடவில்லை. பிப்ரவரி போனது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கிறிஸ்தவர்கள் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஏப்ரல் வரை தப்பு வெளியே வரவும் இல்லை. நானும் மறந்துபோனேன் என்று சொன்னால் அது பொய். தள்ளிப்போட்டேன்.

மே மாதம் இருபத்தைந்தாம் தேதி காலை போன் வந்தது. விசாலாட்சி அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"சூர்யகலா, என் மேசைல ரெண்டு பத்திரிக்க இருக்குது. படிக்கறேன் கேளு. ஒண்ணு ராயப்பன் ஊட்டுது. ஜூன் ஆறு, புதன் காலை பத்துக்கு ஆலயத்துல கல்யாணம், சாயங்காலம் ஆறரைக்கு நம்ம மண்டபத்துல வரவேற்பு. இன்னொண்ணு தாண்டவராயன் ஊட்டுது. ஜூன் ஏழு வியாழன் காலைல முகூர்த்தம், முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வரவேற்பு. அதுவும் நம்ம மண்டபத்துல. உன் மெஷின் ரெண்டுக்கும் பச்ச டிக் போட்டுக்கினு குந்தினு இருக்குது. வர்றியா?"

சாரிடம் சொன்னேன். அவர் பதறவே இல்லை. திரையைத் திறந்து ஒரு மூலையைக் காட்டினார். நாட்கள் என்று ஒரு கட்டம். லாட்ஜில் எத்தனை நாள் தங்குகிறார்கள் என்று போடுவதற்காக வைத்தது. மண்டபத்திலும் அப்படியே இருந்தது. யாரும் தொடாவிட்டால் ஒன்று என்று காட்டும்.

"முகூர்த்தத்துக்கு அவங்க இதுல ரெண்டுன்னு போட்டிருக்கணும். போடல. என்ட்ரி மிஸ்டேக். இதச் சொல்லிட்டு வா."

"ரெண்டுன்னு போட்டா ரெண்டு முழு நாளும் அடைபடும் சார். ஒட்டி ஒட்டி முகூர்த்தம் வந்தா பாதி கல்யாணத்த அவங்க திருப்பி அனுப்பணும். அதோட ஒரு தேதி போட்டாப் போதும்னு சொன்னதே நம்ம."

"நீ எதுவும் எழுதிக் குடுக்கல இல்ல? அப்ப யாரு சொன்னாங்கன்னு எங்கயும் இல்ல. பதினோரு மண்டபம் சூர்யகலா. ஒரு கிளார்க்கு தப்பாப் போட்டாங்கன்னா ஒண்ணும் ஆவாது. காம்பொனன்ட்டே தப்புன்னா எல்லாம் போச்சு."

ஒரு கிளார்க்கு. அந்த வார்த்தையை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் கால் மணி நேரம் நின்றது. வெயிலில் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. என்ட்ரி மிஸ்டேக் என்று சொல்லிப் பார்த்தேன். வாயில் சுலபமாக வந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

மண்டபத்து ஆபீசில் எல்லோரும் இருந்தார்கள். ராயப்பன் ஓய்வு பெற்ற போஸ்ட்மேன், ஒல்லியான மனிதர், கையில் பத்திரிகைக் கட்டு. தாண்டவராயன் மயிலம் பக்கத்து விவசாயி. கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்குகிற நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள் என்று ஏற்கெனவே கோபத்தில் இருந்தார். விருத்தாசலம் நாற்காலியில். விசாலாட்சி அக்கா சுவரோரம் நின்றிருந்தார். அவருடைய நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றிருந்தார். கரன்ட் இல்லை. அந்த வருடம் பகலில் கரன்ட் இருந்தால்தான் அதிசயம்.

"நான் பிப்ரவரியிலயே புக் பண்ணவன். பொண்ணு பேரும் மாப்ள பேரும் அடிச்சு எண்ணூறு பத்திரிக்க குடுத்தாச்சு. ஏழு மணிக்கு மேடைல என் பொண்ணு நிக்கணும். அவ்ளதான். நான் வேற ஒண்ணும் பேச மாட்டேன்" என்றார் தாண்டவராயன். பிறகு விடாமல் பேசினார்.

"அண்ணே, நானும் அதே மேடைலதான் நிக்க வைக்கணும். ஆறரைக்கு. உங்க பொண்ணு ஒரு பக்கம், என் பொண்ணு ஒரு பக்கம் நிக்கட்டுமா? மொய் எழுதறவன் எந்தப் பேர்ல எழுதுவான்?" என்றார் ராயப்பன்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவருக்குத்தான் லேசாக வந்து நின்றுவிட்டது.

விருத்தாசலம் என்னைப் பார்த்தார். "வாம்மா. மெஷின் சொன்னத நம்பி நான் ரெண்டு பேருக்கும் ரசீது குடுத்துட்டேன். இது மெஷின் தப்பா, இந்தம்மா தப்பா? ஒரு வார்த்தைல சொல்லு. பன்னண்டு வருஷத்துல ஒரு நாள் இப்பிடி ஆனதில்ல. உங்க சார் போன்ல சொல்றாரு, ஏதோ ரெண்டுன்னு போடணுமாம், இவங்க போடலியாம். அப்பிடின்னா இவங்க வேற எடம் பாத்துக்கட்டும். ஊட்டக் காலி பண்ண ஒரு மாசம் டைம் தர்றேன். அவ்ளதான் என்னால முடியும்."

அவர் முந்திக்கொண்டார். நான் பஸ்ஸில் இருக்கும்போதே போன் போட்டிருக்கிறார், தீனதயாளன் சார்.

விசாலாட்சி அக்கா என்னைப் பார்க்கவில்லை. அணைந்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனுக்கு மெஷின் தெரியாது மொதலாளி. அந்தப் பொண்ணு சொன்னத செஞ்சேன். அதையே கேளுங்க" என்றார். கெஞ்சுகிற குரல் இல்லை. சலித்துப்போன குரல்.

பின்பக்கத்து வீட்டிலிருந்து குக்கர் விசில் அடித்தது. எனக்கு ஏனோ அதைக் கேட்டுத்தான் ஆத்திரம் வந்தது. அவர் மேல் இல்லை. சாரின் மேல்கூட முழுதாக இல்லை. ஜனவரியில் அதே அறையில் வாயை மூடிக்கொண்டு நின்ற என் மேல்.

"அக்கா தப்பு இல்ல சார்" என்றேன். "மெஷின் தப்பும் இல்ல. மெஷின எழுதினது நானு. அதுக்குத் தேதி மட்டுந்தான் தெரியும், காலை சாயங்காலம் தெரியாது. ஜனவரில இதே எடத்துல நின்னு அக்கா கேட்டாங்க, கோயில் கல்யாணத்துக்கு என்ன பண்றதுன்னு. நீங்களும் பக்கத்துல இருந்தீங்க. அது பாத்துக்கும்னு நான்தான் சொன்னேன். பாத்துக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுக்கினே சொன்னியா?" என்றார் தாண்டவராயன். "படிச்ச பொண்ணுதானே நீ?"

"படிச்சதனாலதாங்க சொன்னேன். படிக்காதவங்களா இருந்தா தெரியலன்னு சொல்லியிருப்பாங்க."

விருத்தாசலம் கொஞ்ச நேரம் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "வாயால சொல்றத நாளைக்கி உங்க சார் இல்லன்னுவாரு. எழுதிக் குடு. கையெழுத்துப் போட்டுக் குடு."

ரசீதுப் புத்தகத்துக்குக் கீழே வைக்கும் வெள்ளைத் தாளில் எழுதினேன். இரண்டு கல்யாணத்துக்கும் இடம் இருப்பதாகக் காட்டியதற்குக் காரணம் நான் எழுதிய முன்பதிவுப் பகுதி. அதில் நேரம் இல்லை. விசாலாட்சி அவர்கள் ஜனவரியிலேயே இதைக் கேட்டார். நான் தவறான பதில் சொன்னேன். சூர்யகலா என்று கையெழுத்துப் போட்டு, பழக்கத்தில் எம்.சி.ஏ. என்றும் எழுதிவிட்டேன். அடிக்கவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வந்து சாருக்குப் போன் செய்தேன்.

"எழுதிக் குடுத்துட்டேன் சார். காம்பொனன்ட் தப்புன்னு."

கத்துவார் என்று காதிலிருந்து போனைத் தள்ளி வைத்தேன்.

"கம்பெனி லெட்டர்பேட்லயா?"

"வெள்ளத் தாள்ல. என் பேர்ல."

"உன் பேர்ல மட்டும்தானே?"

"ஆமா."

"அப்ப சரி" என்றார். குரலில் நிம்மதி தெரிந்தது. "விருத்தாசலம்கிட்ட போனக் குடு."

உள்ளே போய்க் கொடுத்தேன். விருத்தாசலம் உம் உம் என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். "உன்ன வேலயவிட்டு நிறுத்திட்டாராம். அனுபவம் இல்லாத பொண்ணு, தெரியாம எழுதிடுச்சுன்றாரு. அரிபிரசாத்துன்னு வேற ஆள அனுப்பி சரிபண்ணித் தர்றாராம்."

"சரிபண்ண மாட்டாங்க சார். அந்த நாட்கள் கட்டத்துல ரெண்டுன்னு வச்சுட்டுப் போவாங்க. இத மாத்தணும்னா உள்ள மணி வைக்கணும். அத வச்சா அவங்க வித்த எல்லாத்தையும் பிரிக்கணும். மத்த பத்து மண்டபத்துக்கும் இதேதான் போவும். நீங்க அவங்ககிட்டயாவது சொல்லுங்க."

"எனுக்கு அதெல்லாம் புரியாதும்மா" என்றார் விருத்தாசலம். "அவரு சரிபண்றேன்றாரு. நீ மாட்டாருன்ற. நான் யார நம்பறது? எழுதினதே தப்புன்னு நீதான் இப்பக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கற."

அவர் சொன்னவரையில் சரிதான். உண்மையைச் சொன்ன பிறகு என் பேச்சுக்கு மதிப்பே இல்லாமல் போனது. தப்பை ஒப்புக்கொள்ளாதவர் நிபுணராகவே இருந்தார்.

ஆனால் விருத்தாசலம் விசாலாட்சி அக்காவிடம் திரும்பி, "நீ போய் உக்காரு" என்றார். அக்கா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். கிடைத்தது. அதில் ஏன் சந்தோஷம் வரவில்லை என்றுதான் தெரியவில்லை.

அடுத்து யார் விட்டுக்கொடுப்பது என்ற பேச்சு மதியம் வரை நடந்தது. தாண்டவராயன் அசையவில்லை. பெண்ணழைப்பை மதியம் வைக்க முடியாது, ஊர்க்காரர்கள் கழனியிலிருந்து வந்து குளித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள் என்றார். அதுவும் நியாயம்தான். கடைசியில் ராயப்பன்தான் நாற்காலியில் சாய்ந்தார்.

"பத்து மணிக்கு ஆலயத்துல கல்யாணம். பதினொண்ணேகாலுக்கு முடிஞ்சிடும். அப்பிடியே இங்க வந்துர்றோம். பன்னண்டுலேருந்து மூணு வரைக்கும் வரவேற்ப வச்சிக்கறேன், மத்தியானச் சாப்பாடா. மூணரைக்கு அண்ணன் வரட்டும். ஆனா எழுநூறு பேருக்குச் சாயங்காலம்னு சொல்லிட்டேனே. ஆலயத்துக்கு வர்ற சொந்தம் போக மீதி மாப்ள ஊட்டாளுங்க ராணிப்பேட்டைலேருந்து வேன் வச்சிக்கினு அஞ்சு மணிக்குத்தான் வருவாங்க. யார் யாருக்குன்னு போய்ச் சொல்வேன்? இருவது வருஷம் ஊரெல்லாம் தபால் குடுத்தவன் நானு. என் ஊட்டுத் தபாலே தப்பாப் போயிருக்குது."

"பட்டியல் இருக்குதுங்களா? போன் நம்பரோட?" என்று கேட்டேன்.

பத்திரிகை வைத்த வீடுகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். போஸ்ட்மேன் எழுத்து, அச்சு மாதிரி இருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு அவரும் மகனும் சைக்கிளில் போய்ச் சொல்வதாக ஏற்பாடு. வெளியூர் நூற்று முப்பத்தெட்டு வீடுகளை நான் எடுத்துக்கொண்டேன். வேலைதான் இல்லையே.

மாடிப்படிக்குக் கீழே, அணைந்த கம்ப்யூட்டரைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு நோட்டை விரித்தேன். முதல் போனிலேயே, "யாரும்மா நீ? பொண்ணுக்கு நீ என்ன ஓணும்?" என்று ஒரு பெண் கேட்டார். கம்ப்யூட்டர் கம்பெனிலேருந்து பேசறேன் என்று ஆரம்பித்தேன். எங்களுக்குக் கம்ப்யூட்டர் வேணாம் என்று வைத்துவிட்டார். அடுத்தவர் முழுக்கக் கேட்டுவிட்டு, ராயப்பன் மாமா நல்லாத்தானே இருக்காரு என்று மூன்று தடவை கேட்டார். இன்னொருவர் மண்டபக்காரனையும் கம்ப்யூட்டர்காரனையும் அதை எழுதினவனையும் வரிசையாகத் திட்டினார். எழுதினவன் இல்லைங்க, எழுதினவ என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பன்னிரண்டாவது வீட்டில் ஒரு பெரியவர் அழுதே விட்டார். மரக்காணத்திலிருந்து. நேரம் மாறிவிட்டது என்று நான் சொன்னதைக் கேட்டு, கல்யாணம் நின்றுபோய்விட்டது, சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள் என்று அவரே முடிவு செய்துகொண்டார். எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. என் குரலும் உடைய ஆரம்பித்தது.

விசாலாட்சி அக்கா ரசீதுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "ஐயா, நான் மண்டபத்துலேருந்து விசாலாட்சி. தேதி மாறல. மாப்ள மாறல. பொண்ணு மாறல. சாயங்காலச் சோறு மத்தியானச் சோறா ஆயிருக்குது, அவ்ளதான். பன்னண்டு மணிக்கு வந்துடுங்க" என்றார். அந்தப் பக்கம் சிரிக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

போனைத் திருப்பித் தரும்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"எழுதிக் குடுத்த. சரி. நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு போனு போட்டிருந்தியானா இந்தப் பேஜாரே இல்ல."

"ஆமாக்கா."

"இன்னா ஆமாக்கா? நான் காலைலேருந்து நின்னுக்கினே இருந்தேன். என் ஊடு போச்சுன்னுதான் நெனச்சேன்." மூச்சை இழுத்து விட்டார். "வேலயும் போச்சா உனக்கு?"

"போச்சு."

மன்னிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரும் மன்னித்த மாதிரி தெரியவில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்து, நான் முடித்த பன்னிரண்டு பேரையும் பென்சிலால் அடித்தார். என் போனில் சார்ஜ் ஒரு கோடுதான் இருந்தது. கரன்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இழுப்பறையிலிருந்து தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுல பேசு. தேதி மாறலன்றத மொதல்ல சொல்லு, நேரத்த அப்பறமா சொல்லு. அழுவாம சொல்லு, அவங்களுக்கு இன்னா தெரியும் நீ எதுக்கு அழுவுறன்னு. பதிமூணு யாரு? ராணிப்பேட்டையா? அவங்கதான் மாப்ள ஊட்டாளுங்க. மொதல்ல அங்க சொல்லாம மரக்காணத்துக்கு எதுக்குப் போன?"

ராணிப்பேட்டை எண்ணை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. திரும்ப அழுத்தினேன்.